ஏலகிரி இறக்கமும் ஆட்டோமேட்டிக் காரும்

நம்ம காஞ்சிபுரம் தட்டையான ஊர். வரதர் தேரையே முட்டுக்கட்டை போட்டு நிறுத்திடுவாங்க. அதனால இங்க ஆட்டோமேட்டிக் கார் வச்சிருக்கிற பலரும் 'டி'யைத் தவிர வேற எழுத்தைத் தொடுறதே இல்லை. அதே பழக்கத்தோட ஏலகிரிக்குப் போறாங்க பாருங்க, அங்கதான் சிக்கல். 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது சரி, இறங்கும்போது?

'டி'யில காலை எடுத்தா பல வண்டிகள் மேல் கியருக்குத் தாவி வேகமெடுக்கும். நாம பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவோம். பிரேக் சூடேறி, கருகின வாடை வரும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது.

இறக்கம் ஆரம்பிக்கும் முன்னாடியே 'எல்' அல்லது '2'க்கு மாத்திடுங்க. மேனுவல் மோடு இருந்தா கியரைக் குறைங்க. இன்ஜினே வண்டியைப் பிடிச்சு இழுக்கும். பிரேக் வளைவுக்கு மட்டும் போதும். முள் சிவப்புக் கோட்டுக்குப் போகாத வரை இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. பெட்ரோலும் வீணாகாது. ஆக்சிலரேட்டர்ல கால் இல்லேன்னா இன்ஜெக்‌ஷன் வண்டியில எரிபொருள் நின்னுடும். மறந்தும் 'என்'ல போடாதீங்க.

போன தடவை அப்படித்தான் இறங்கினேன். "ஏம்ப்பா வண்டி இப்படிக் கத்துது?"ன்னு கேட்ட அம்மா, மூணாவது வளைவுக்குள்ள தூங்கிட்டாங்க.