ஈரச் சட்டை

நாய்க்கு வியர்ப்பதில்லை என்பது பாதி உண்மை. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும். உடம்பைக் குளிர்விக்க அது போதாது. மிச்ச வேலை நாக்குக்கும் மூக்குக்கும். உக்கிரமான வெயிலில் நிமிஷத்துக்கு 300 தடவை வரை இரைக்கிறது. அந்த வேகம் அதன் மூச்சு மண்டலத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போவதால் சிரமம் குறைவு என்று 1962இல் கண்டார்கள். மூக்கால் இழுத்த காற்றை வாயால் வெளியேற்றி வெப்பத்தைக் கழிக்கிறது என்று ஷ்மிட்-நீல்சனும் சகாக்களும் 1970இல் காட்டினார்கள். நாக்கைத் தொங்கவிட்டு நிற்கும் நாயைப் பார்த்துச் சிரிக்கிறோம். அது உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

என்னிடம் இருப்பது சிப்பிப்பாறை. ஒட்டிய வயிறு, குட்டை ரோமம், வெயிலுக்கென்றே பிறந்த உடம்பு என்பார்கள். ஆனால் ஓடும் தசை தானே ஒரு அடுப்பு. பிரிட்டனில் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரைகளின்படி, வெப்பத் தாக்குதலுக்கு ஆளான நாய்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்று செத்திருக்கிறது. நான்கில் மூன்றுக்குக் காரணம் ஓட்டம், நடை, விளையாட்டு. பூட்டிய கார் அல்ல.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைப் பக்கம் போகும்போது அதற்கு ஒரு ஈரச் சட்டை மாட்டுகிறேன். மூன்று அடுக்குத் துணி. நடு அடுக்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், மேல் அடுக்கு வெளிர் நிறம். நனைத்து, பிழிந்து, வயிற்றுக்கடியில் பட்டி போட வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அதில் ஒரு பங்கை நாயின் உடம்பு தருகிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

கரிசல் காட்டில் 40 டிகிரி வெயில், காற்றில் ஈரம் 20 சதம் என்றால் நிழலில் காற்றுப்படும் ஈரத்துணி 23 டிகிரி வரை இறங்கலாம். திருச்செந்தூர்க் கடற்கரையில் 34 டிகிரிதான், ஆனால் ஈரம் 75 சதம் என்றால் அதே துணி 30க்குக் கீழே போகாது. அங்கே அது குளிர்ச்சியல்ல, இன்னொரு போர்வை. கரிசலிலும் காய்ந்துவிட்டால் அப்படியே. வடிவத்தை இறக்குமதி செய்கிறவர்கள் சீதோஷ்ணத்தை இறக்குமதி செய்வதில்லை என்று கவிதையைப் பற்றி நாம் வாதாடுவதுண்டு. சட்டைக்கும் பொருந்துகிறது. உறைபொருள் நிரப்பிய இன்னொரு வகை உண்டு. காற்றின் ஈரம் அதைப் பாதிக்காது. ஆனால் கனம், உருகி முடிந்தால் வெறும் சுமை.

வழியில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, நாய்க்கும் சட்டையா?"

"ஈரத்துணிதான். சூடு தெரியாது."

"தனியா விட்டா இந்நேரம் அது நெழல்ல படுத்திருக்கும். ஒங்களுக்காகத்தான வருது."

இந்தப் பொருளைப் பற்றி நான் கேட்ட ஒரே விமர்சனம் இதுதான். எப்போது நிற்க வேண்டும் என்பது நாய்க்குத் தெரியும். கூப்பிடும் குரலில் அந்த அறிவு அடங்கிப்போகிறது. குறுந்தொகையின் 56ஆம் பாட்டில் பாலை வழியில் போகிறவன், செந்நாய் குடித்து மிச்சம் வைத்த அழுகல் நீரைப் பற்றிப் பேசுகிறான். அங்கே மிருகம் முதலில் குடிக்கிறது, தன் இடத்தில், தன் நேரத்தில். நம்மோடு வரும் நாய் நாம் ஊற்றும்போது குடிக்கிறது, நாம் நிற்கும்போது நிற்கிறது. அதன் தாகத்துக்கும் களைப்புக்கும் கடிகாரம் நம் கையில்.

ஆகவே சட்டையை நம்புவதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறேன். அது நடையை நீட்டிக்க அல்ல, நிழலை எட்டும்வரைக்கும். நாக்கு அகன்று, நுனி சிவந்து, நடை தள்ளாடினால் முதல் காரியம் சட்டையைக் கழற்றுவது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், ஈரத்துணியைப் போர்த்தி வைக்கக் கூடாது. குளிர்விக்கத் தொடங்கிய பிறகுதான் வைத்தியரிடம் ஓட்டம்.

சித்திரை, வைகாசியில் விடிவதற்கு முன் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிடுகிறோம். பெரும்பாலான நாட்களில் சட்டை நனையாமலே பையில் கிடக்கிறது. பணம் வீண் என்கிறார்கள் வீட்டில். எனக்கு அப்படித் தோன்றவில்லை.