பச்சை ஊசி, நீல ஊசி

பி.காம். படித்தவனுக்கு உலகமே வரவு-செலவுதான். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால்கூட, 'எத்தனை மணிக்குத் திறந்தான், எத்தனை குடம் வந்தது?' என்று லெட்ஜர் போடத் தோன்றும். ஆனால், மூளைக்குள் ஓடுகிற ரத்தத்துக்கும் ஒரு பேரேடு உண்டு என்பது, கெங்குவார்பட்டிப் பெரியப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. சி.டி. ஸ்கேன் அறை வாசலில் வாக்குவாதம். வழியில் முதலுதவி செய்தவர்கள், பெரியப்பாவின் இடது புறங்கையில் நீல நிற ஊசி ஏற்றி டிரிப்ஸ் போட்டிருந்தார்கள். ஸ்கேன்கார இளைஞரோ, "இது சரிப்படாது. வலது முழங்கை மடிப்புல பச்சை ஊசி போடணும்" என்கிறார்.

பெரியம்மா விடுவாரா? "ஏன் தம்பி, ஏற்கெனவே ஒண்ணு ஏத்தியிருக்குல்ல, அது வழியாவே மருந்தை விடுங்க. மனுசனை எத்தனை எடத்துல குத்துவீக?"

"அம்மா, உங்க ஊர்ப் பக்கம் மஞ்சளாறு ஓடுதுல்ல? தண்ணி வேகத்தைப் பாக்கணும்னா, ஒரு படி மஞ்சப் பொடியை மொத்தமாக் கொட்டிட்டு, கீழ நின்னு எப்ப வருது, எப்பப் போகுதுன்னு பாக்கலாம். சிட்டிகை சிட்டிகையாத் தூவினா வேகம் எப்படித் தெரியும்?"

மஞ்சளாற்றுக்கே மஞ்சள் பொடி! பெரியம்மா கப்சிப்.

பிறகு விசாரித்ததில் விஷயம் புரிந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் முதல் நோயாளியைப் படமெடுத்தது 1971-ல், லண்டனில். அதை வைத்து மூளையின் ரத்த ஓட்டத்தையும் அளக்கலாம் என்று லியான் ஆக்ஸெல் கணக்குப் போட்டு எழுதியது 1980-ல். அயோடின் கலந்த மருந்தை ரத்தத்தில் ஏற்றி, சுமார் ஒரு நிமிடம் திரும்பத் திரும்பப் படமெடுப்பார்கள். தமனியில் வந்தது வரவு, திசுவில் நின்றது இருப்பு, வடிந்தது செலவு. அவ்வளவுதான் ஸார்!

சிக்கலே வரவில்தான். 40, 50 மில்லி மருந்தை, விநாடிக்கு 4 முதல் 6 மில்லி வேகத்தில் மெஷின் தள்ள வேண்டும். பின்னாலேயே உப்புநீர், கையில் தங்கிய மருந்தைத் துரத்திக்கொண்டு போக. நீல ஊசி 22-ம் நம்பர், சன்னம். பச்சை 18, தடிமன். நம்பர் ஏறினால் ஊசி இளைக்கும், விலைவாசி ஏறினால் நம் பர்ஸ் இளைப்பது மாதிரி.

மருந்து மெதுவாகப் போனால் என்ன? ஒரு கணக்கு முறை, திசுவில் மருந்து எவ்வளவு விறுவிறுவென ஏறுகிறது என்பதை வைத்தே ஓட்டத்தைச் சொல்கிறது. அதுவரை ஒரு சொட்டும் வெளியே வடியவில்லை என்று வைத்துக்கொள்கிறது. மெதுவாக ஏற்றினால், ஒரு பக்கம் வரும்போதே மறுபக்கம் வடியும். ரத்த ஓட்டம் நிஜத்தைவிடக் குறைவாகத் தெரியும். இன்னொரு முறை இந்த மந்தத்தைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் மருந்து வடிந்து முடியும் முன்பே ஸ்கேனை நிறுத்தினால் அதுவும் தப்பும். மார்ச் 31-க்கு முன்பே கணக்கை மூடினால் பாலன்ஸ் ஷீட் எப்படி இருக்கும்?

இடது கை ஏன் வேண்டாம்? அந்த ரத்தக்குழாய் நெஞ்சைக் குறுக்கே கடக்க வேண்டும். நடுவில் நெருக்குப்பட்டால் மருந்து தேங்கும், கழுத்துப் பக்கம் திரும்பும்.

போகட்டும், ஒரு எண் கூடினால் குறைந்தால் என்ன என்கிறீர்களா? ரத்த ஓட்டம், மூளையின் நல்ல பகுதியில் இருப்பதில் 30 சதவிகிதத்துக்கும் கீழே போன இடத்தைப் பொதுவாகச் செத்ததாக எடுத்துக்கொள்வார்கள். அதைச் சுற்றித் தவிக்கிற பகுதியைத்தான் காப்பாற்ற முடியும். 2018-ல் வெளியான இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, அப்படிப்பட்ட பகுதி போதுமான அளவு இருந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட ரத்தக்கட்டியை எடுக்கிறார்கள். கணக்குத் தப்பினால், தீர்ப்பும் தப்பும்.

பெரியப்பாவுக்குக் காப்பாற்ற இடமிருந்தது. கட்டியை எடுத்தார்கள். இப்போது கம்பு ஊன்றி டீக்கடை வரை போய் வருகிறார்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது வாய் கோணினாலோ கை விழுந்தாலோ, "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்க வைக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கிட்னி கோளாறு, அலர்ஜி இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்கேன்காரர் இன்னொரு ஊசி என்றால் சண்டைக்குப் போகாமல் கையை நீட்டச் சொல்லுங்கள்.

முடிந்தால், வலது கையை!