ஓர் இழையை இழுத்துப் பார்த்தால்

திருமுருகன்பூண்டியில் முதலில் காதில் விழுவது உளிச் சத்தம்தான். சிற்பக்கூடங்களைத் தாண்டி நான் போனது ஒரு நிட்டிங் கம்பெனியின் நூல் சோதனை அறைக்கு.

சோதனை பார்க்கும் தம்பி 120 கஜ நூலை 80 சுற்றுச் சிட்டமாகச் சுற்றிக் கொக்கிகளில் மாட்டினார். லீ சோதனை. மொத்தமும் இழுபட்டு அறுந்தது. ஒரே ஓர் எண் வந்தது. “இது எல்லாத்துக்கும் சேத்துங்க. நூல் எங்க நோஞ்சான்னு இதுல தெரியாதுங்க” என்றவர், பக்கத்துக் கருவியில் ஒற்றை இழையை மாட்டினார். அதே கோன்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விசையில் அறுந்தது.

டி.என்.ஏ. ஆராய்ச்சியாளர்களும் வெகுகாலம் சிட்டத்தைத்தான் இழுத்தார்கள். சோதனைக்குழாயில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள், கிடைப்பதோ ஒரு சராசரி. ஒன்றை மட்டும் பிடிக்க வழி செய்தவர்களில் முக்கியமானவர் ஆர்தர் ஆஷ்கின். 1986-இல் அவர் குழு லேசர் குவியத்தில் நுண்துகளைப் பிடித்து நிறுத்தியது. நோபல் 2018-இல்தான் வந்தது, அவரது 96-ஆம் வயதில். டி.என்.ஏ.வின் நுனியில் நுண்மணியை ஒட்டி இப்படி இழுத்தால், 65 பிக்கோநியூட்டனில் அது சட்டென்று 1.7 மடங்கு நீள்கிறது. பின்னல் மெஷினில் நூல் நாலு கிராம் இழுவையில் ஓடுவதாகத் தம்பி சொன்னார். மனக்கணக்கு போட்டேன்: டி.என்.ஏ.வை நீட்டும் விசை அதில் அறுபது கோடியில் ஒரு பங்கு!

தம்பி ஒரு முழம் நூலைத் தளர்த்திக் காட்டினார். அது தன் மேலேயே சுருண்டு பின்னிக்கொண்டது. “முறுக்கு ஏறிப்போச்சுங்க.”

எனக்குப் பாரிஸில் நடந்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. டி.என்.ஏ.வின் ஒரு முனையைக் கண்ணாடியில் ஒட்டி, மறுமுனையில் காந்தமணியைக் கட்டி, மேலே காந்தத்தைச் சுழற்றினால் டி.என்.ஏ. இதேபோலச் சுருண்டு குறுகும்; மணி கீழே இறங்கும். 1996-இல் அதைச் செய்தார்கள். 2000-இல் டோபோஐசோமரேஸ்-2 என்ற புரதத்தையும் சேர்த்தார்கள். மணி படிப்படியாக மேலேறியது. படிக்கு இரண்டு முறுக்கு அவிழ்ந்தது. சோதனைக்குழாயில் ஆளுக்கொரு நேரத்தில் வேலை தொடங்கும் கோடிப் புரதங்களில் இந்தப் படி தெரியவே தெரியாது, சரிவுதான் தெரியும்.

அந்தப் புரதம் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் அறுத்து, இடைவெளி வழியே இன்னொரு பகுதியை நுழைத்து, திரும்ப ஒட்டிவிடும் என்றேன்.

“முடிச்சு இல்லாமயாங்க?”

இல்லாமல்தான்.

“தடிப்பு?”

அதுவும் இல்லை.

“நம்ம ஸ்ப்ளைசர்ல ஒட்டுனாக்கூட லேசாத் தடிப்புத் தெரியுமுங்க” என்றபடி கோனை மாற்றினார்.