எந்தக் கைக்கு?

எங்கள் மகளுக்கு 14 வயதாகிறது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் கைத்துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தானும் சுடப் பழக வேண்டும் என்று அடம்பிடித்த எத்தனையோ பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. நெடுநாள் தயக்கத்துக்குப் பிறகு மதுரையிலேயே ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்த்தோம். ஆயுதம் என்ற சொல் எங்கள் வீட்டில் ஆண்டுக்கொருமுறை, ஆயுத பூஜையன்று மட்டும் ஒலிப்பது; அன்றும் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும்தான் சந்தனப் பொட்டு வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் மாதக்கணக்கில் துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். காரணம், எங்கள் மகள் இடக்கைக்காரி.

அவள் பழகுவது 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது, அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டை உந்தித் தள்ளும். ஒரே கையால் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். மறு கை துணைக்கு வரக்கூடாது. இலக்கின் நடுவே பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும் என்பதெல்லாம் விதி. இவ்வளவு நுண்மையான வேலையில் கைக்கும் கருவிக்கும் நடுவே இருப்பது மரத்தாலான ஒரு பிடி. உள்ளங்கையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பக் குடையப்பட்டு, கட்டைவிரலுக்கு ஒரு திட்டு, மற்ற விரல்களுக்குப் பள்ளம், கையின் அடியில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தட்டு என்று அது செருப்பைப் போலக் காலளவு பார்த்துச் செய்தாற்போல் இருக்கும். செருப்பைப் போலவே அதற்கும் இடம், வலம் உண்டு.

பயிற்சிக்கூடத்தின் பொதுத் துப்பாக்கிகள் எல்லாமே வலக்கைக்கானவை. அவற்றை இடக்கையில் எடுத்தால் கட்டைவிரலுக்கான திட்டு உள்ளங்கையில் வந்து இடிக்கும். பயிற்றுநர் நல்லவர். "இப்பவே சோத்தாங்கைக்கு மாத்திருங்க. சின்ன வயசு, பழகிரும். இடது கைப் பிடி வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும். நாளைக்கு விக்கணும்னாலும் வாங்க ஆள் இருக்காது" என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை.

ஆனால் எங்களில் ஒருவர் இடக்கைக்காரராகப் பிறந்து வலக்கைக்காரராக வளர்க்கப்பட்டவர். யார் என்பது இங்கு முக்கியமில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், "நொட்டாங்கைய நீட்டாத" என்ற அப்பத்தாவின் அதட்டலும், பள்ளியில் சிலேட்டுக்குச்சி கை மாறும்போதெல்லாம் விரல் முட்டியில் விழுந்த அடிஸ்கேலும் சேர்ந்து அந்த வேலையை முடித்தன. இன்று எழுதுவதும் உண்பதும் வலக்கையால்தான். ஆயினும் பரணிலிருந்து பாத்திரம் சரிந்தால் முதலில் எழுவது இடக்கை. நாற்பது ஆண்டுகள் ஆகியும், அப்படி எழுந்த கையை யாரேனும் பார்த்துவிட்டார்களா என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கும் வழக்கமும் போகவில்லை.

பிடியைத் தேடப்போய்க் கைத்துப்பாக்கிகளின் வரலாற்றுக்குள் புகுந்துவிட்டோம். 1911ஆம் ஆண்டு அமெரிக்கப் படை ஏற்ற கோல்ட் கைத்துப்பாக்கியில் பாதுகாப்புத் தாழ் இடப்பக்கம் மட்டுமே இருந்தது. வலக்கையால் பிடித்தவரின் கட்டைவிரல் இயல்பாகச் சென்று படியும் இடம் அது. தோட்டா அடுக்கை விடுவிக்கும் பொத்தானும் அதே பக்கம். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வலப்பக்கமாகத் தெறிக்கும். இடக்கையால் சுடுபவருக்கு அது உடலின் குறுக்கே பறக்கும். பெரும்பாலான ரிவால்வர்களில் சுழல் உருளை இடப்பக்கமாகத் திறப்பதும் வலக்கைக்காரரின் வசதிக்கே. இருபக்கமும் தாழ் உள்ள பெரெட்டாவை அமெரிக்கப் படை ஏற்றது 1985இல். தோட்டா அடுக்குப் பொத்தானை வேண்டிய பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி குளோக் கைத்துப்பாக்கிகளில் 2010இல், அதன் நான்காம் தலைமுறையில்தான் வந்தது.

இது வெறும் வசதிக்குறைவு அன்று. தாழை எட்டுவதற்காகப் பிடியைத் தளர்த்த நேர்ந்தால் அந்தக் கணத்தில் குழலின் வாய் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே இடக்கைக்காரர் கைத்துப்பாக்கி தேரும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையையோ பெயரையோ அன்று. பிடித்த பிடி நெகிழாமல் கட்டைவிரல் தாழுக்குச் செல்கிறதா என்பதைத்தான்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் இரண்டு சாட்சிகளை அழைத்தார். முதலாமவர் ஹங்கேரி நாட்டுக் காரோலி தகாச். 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்துபோக, இடக்கையால் சுடப் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் தங்கம் வென்றவர். "அவன் மாத்தலையா?" என்றார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, இவளுடைய இடக்கைக்கு என்ன குறை என்று கேட்டோம். இரண்டாவது சாட்சிக்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. "நம்ம சொக்கநாதரே கால் மாத்தி ஆடுனவருதானப்பா?"

அன்று மாலை மொட்டைமாடியில் ஒரு சோதனை செய்தோம். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே தெற்குக் கோபுரத்தின் உச்சியைப் பார்க்கச் சொன்னோம். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். வலக்கண்ணை மூடினாள், கோபுரம் அங்கேயே நின்றது. இடக்கண்ணை மூடினாள்; கோபுரம் முக்கோணத்தை விட்டு விலகிப் போயிற்று. குறிபார்க்க முந்தும் கண்ணும் அவளுக்கு இடப்பக்கமே. கையை மாற்றினால் கண்ணோடும் போராட வேண்டியிருக்கும்.

அப்போதுதான் திருப்பாச்சேத்திக் கொல்லர் ஒருவரின் நினைவு வந்தது. அறுப்புக்கு முன் கருக்கரிவாள் செய்யச் சொல்லப் போனால், இரும்பை உலையில் வைக்குமுன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கைக்கு?" நொட்டாங்கை என்று சொன்னால் கருக்கை மறுபக்கம் வெட்டித் தருவார். அதற்காகக் கூலியைக் கூட்டிக் கேட்டதாக நினைவில்லை. கையை மாற்றச் சொன்னதுமில்லை.

அடுத்த வெள்ளியன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனபோது வெள்ளியம்பலத்தின் முன் வெகுநேரம் நின்றோம். மற்றத் தலங்களில் இடக்கால் தூக்கி ஆடும் நடராசர், இங்கே வலக்காலைத் தூக்கி நிற்கிறார். திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை தெரிந்ததே. அறுபத்து மூன்று கலைகள் கற்ற இராசசேகர பாண்டியன், எஞ்சிய ஆடற்கலையைப் பயிலும்போது உடல் நொந்து, எந்நாளும் ஒரே காலில் நிற்கும் இறைவனுக்கு எப்படி வலிக்கும் என்று வருந்தி, கால் மாறி ஆட வேண்டினான். பெரியப்பா இந்தக் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று எங்களுக்குப் பட்டது. ஊரோடு ஒத்துப்போவதற்காக அங்கே கால் மாறவில்லை. மற்ற அம்பலங்களிலிருந்து வேறுபட்டல்லவா நிற்கிறது? வலி தீர வேண்டுமென்று ஒருவன் கேட்டான், மாறிற்று. மாறியவரும் எளியவர் அல்லர். இங்கே மாற வேண்டியது குழந்தையின் கையா, ஒரு மரத்துண்டா?

அஞ்சலகச் சேமிப்பில் கை வைத்து, இடக்கைப் பிடி கொண்ட துப்பாக்கியையே வாங்கினோம். சுடும் வரிசையில் மற்றவர்கள் எல்லாரும் ஒரு திசை நோக்கி நிற்க, அவள் மட்டும் எதிர்த்திசை பார்த்து நிற்கிறாள். பக்கத்துப் பையனும் அவளும் முகத்தோடு முகம் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். முதல் நாள் புள்ளிகள் சொல்லும்படி இல்லை. எப்படி இருந்தது என்று கேட்டோம். "புடிச்சிருக்கிறதே தெரியலப்பா" என்றாள்.

இரவு பிடியைத் தனியே கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவள் அதை எங்கள் பக்கம் நீட்டினாள். எங்களில் ஒருவர் இடக்கையை நீட்டி வாங்கினார். விரல்கள் பள்ளங்களில் தாமாகவே சென்று அமர்ந்தன. திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.