உதுவான்கந்தைக்காரன்

சரதியேல் என்ற பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது வேடந்தாங்கலில். வேடர்கள் தங்கிய இடம் என்று பெயரை வைத்துக்கொண்டு, 1790-களிலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கிப் பறவைகளுக்குக் காவல் இருந்த ஊர் அது. நாரை பார்க்கப் போன இடத்தில் ஓர் இலங்கைக் கொள்ளைக்காரன் குறுக்கிடுவான் என்று யார் கண்டார்கள்!

ஏரிக்கரையில் டீ விற்ற பெரியவர் கண்டிச் சீமையில் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்தின்படி, எழுபதுகளில், சிறுவனாகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்.

"கொழும்பு ரோட்டுல உதுவான்கந்தைன்னு ஒரு பாறைங்க. அதுமேல உக்காந்துகிட்டு வர்ற வண்டியெல்லாம் பாத்துகிட்டிருப்பானாம். இருக்கிறவன்கிட்ட பறிச்சு இல்லாதவனுக்குக் குடுத்தவன்" என்றார். சொந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுகிற பெருமை அந்தக் குரலில். சண்டையில் ஒரு போலீஸ்காரர் செத்ததை மட்டும் அரை வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

சரதியேல் பிறந்தது 1832-ல். கண்டிக்கு ரயில் வந்தது 1867-ல்தான். அதுவரை மலையிலிருந்து காப்பி இறங்கியதும், அரிசியும் சாமான்களும் ஏறியதும் மாட்டுவண்டியில். அந்தச் சாலையை மறிப்பது சர்க்காரின் குரல்வளையைப் பிடிப்பது மாதிரி. ஏழைகளுக்கு எவ்வளவு கொடுத்தான் என்பதற்கு யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. நார்வேயில் அதே நூற்றாண்டில் யெஸ்ட் போர்ட்சென் என்ற திருடன் சிறையிலிருந்தே தன் சரித்திரத்தை எழுதினான். விடுதலையானபின் ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்றான். சரதியேலுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஊரே எழுதிக் கொடுத்துவிட்டது.

மேலே ஏறிய அரிசி யாருக்கு? காப்பித் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளுக்கு. பெரியவருடைய பாட்டன் பூட்டன்மாருக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். இதை அவரிடம் சொன்னேன்.

டம்ளரைக் கழுவிக்கொண்டே, "வண்டி வந்து சேர்ந்திருந்தாலும் கங்காணி கடன்ல கழிச்சுகிட்டுத்தானுங்களே அளந்திருப்பாரு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

1864 மார்ச் 21-ஆம் தேதி அவனைச் சுற்றி வளைத்தார்கள். கூட்டாளி மம்மாலி மரைக்கார் சுட்டதில் துவான் சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள் விழுந்தார். மே 7-ஆம் தேதி கண்டியில் இருவருக்கும் தூக்கு. சரதியேலுக்கு முப்பத்திரண்டு வயது. இன்று மாவனல்லைப் பக்கம் அவன் பெயரில் ஒரு மாதிரிக் கிராமமே கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். கடமையில் உயிர்விட்ட முதல் இலங்கைப் போலீஸ்காரர் என்று சபானுக்கும் ஒரு நாள் உண்டு. மார்ச் 21 அன்று போலீஸார் கூடி மலர் வைக்கிறார்கள்.