நீல ஒளியும் பலாப்பலகையும்

எமது அன்னையார் எமக்கு எழுதிய கடிதங்களுள் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. 1978ஆம் ஆண்டிலே, நாம் கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கடிதம் அது. ஏனையவை இடப்பெயர்வுகளிலே போய்விட்டன. "நேரத்துக்குச் சாப்பிடு" என்பது அதன் கடைசி வரி. அதன் மை ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே வருகின்றது. பழைய வீட்டின் மரங்களிலும் எஞ்சியது ஒன்றுதான். அன்னையார் அடுக்களையின் பலாக் கதவு. அந்த வரியை அவருடைய கையெழுத்திலேயே அந்தக் கதவுப்பலகையிற் பொறித்து, மகளின் புதுவீடு குடிபூரலுக்குக் கொடுக்கவேண்டும் என்று எமக்கு ஓர் ஆசை எழுந்தது. பலகை ஒன்றே, பிழைத்தால் மறுபலகை இல்லை.

விடுமுறையில் வந்த மகன், மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய லேசர் பொறியொன்றைக் கொண்டுவந்திருந்தான். நான்கு உலோகச் சட்டங்கள், அவற்றின்மேல் ஓடும் ஒரு தலை, கணினியோடு இணைக்கும் ஒரு கம்பி, பார்வைக்கு அவ்வளவே.

1960ஆம் ஆண்டிலே அமெரிக்கரான தியடோர் மைமன் செயற்கைக் கெம்புக் கோலொன்றிலிருந்து முதலாவது லேசர் ஒளியைப் பெற்றார். எம்மிடம் வந்த பொறியிலே கெம்பு இல்லை. நீல ஒளி தரும் குறைகடத்தி இருவாயியே உண்டு. இந்த நீலத்தைப் பெறுவதற்கு விஞ்ஞானிகள் பல்லாண்டு பாடுபட்டனர். நீல ஒளிகாலும் இருவாயியை ஆக்கிய அகசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எமது பொறியின் ஒளி ஏறத்தாழ 450 நானோமீற்றர் அலைநீளமுடையது. வில்லையொன்று அதனை மில்லிமீற்றரிற் பத்திலொன்றுக்கும் குறைந்த புள்ளியாகக் குவிக்கின்றது. அப்புள்ளி பட்ட இடம் கருகுகின்றது. மெதுவாக ஓடினால் வெட்டு; விரைவாக ஓடினால் எழுத்து.

பெட்டியின்மேல் 40 வாற்று என்று கொட்டை எழுத்திலே போட்டிருந்தது. கைந்நூலைப் புரட்டினால், அது மின்சாரத்தின் கணக்கென்றும், வெளிவரும் ஒளி 10 வாற்றே என்றும் சிற்றெழுத்திலே கண்டோம். வாங்க எண்ணும் நேயர்கள் இந்தச் சிற்றெழுத்தை முதலில் வாசிப்பது நன்று.

விறகுக் கொட்டிலைத் துப்புரவாக்கி அதனையே பரிசோதனைச்சாலையாக்கினோம். முதலில் ஒட்டுப்பலகைத் துண்டொன்றிலே ஐந்து வலுவும் ஐந்து வேகமுமாக 25 சிறு கட்டங்களைப் பொறித்தோம். ஒரு மூலையில் வெறும் நிழல், மறுமூலையிற் கரி. இடையிலே தேநீர் நிறந்தொட்டுக் கோப்பி நிறம்வரை எல்லாம் இருந்தன. மூன்று மில்லிமீற்றர்த் தடிப்புள்ள ஒட்டுப்பலகையை முழு வலுவிலே, நிமிடத்துக்கு 250 மில்லிமீற்றர் வேகத்தில் வெட்ட முடிந்தது. மீன்தொட்டிக்குக் காற்றூதும் சிறு பம்பியின் குழாயை வெட்டுமிடத்துக்கு நேரே கட்டியபின், புகை விலகி வெட்டு விளிம்பு வெளுப்பாக வந்தது.

பின்னர் வீட்டிலே அகப்பட்டதெல்லாம் அந்த ஒளியின்கீழ்ச் சென்றன. கறுப்பு அக்கிரிலிக்குத் தகடு வெட்டுப்பட்டது. நிறமற்ற தகட்டையோ ஒளி ஊடுருவிச் சென்று, கீழிருந்த மேசைப்பலகையைச் சுட்டது! நீல ஒளி கண்ணாடியையும் இவ்வாறே கடந்துவிடும். மேலே கறுப்பு மை பூசிக் காயவைத்த பின்னரே ஒரு போத்தற்றுண்டிற் கீறல் விழுந்தது. வெறும் அலுமினியம் ஒளியைத் திருப்பியெறிந்துவிட்டுப் பளபளத்தது. சிரட்டையிலே நடுவெழுத்துகள் கூர்மையாகவும், வளைந்து தாழ்ந்த ஓரத்தெழுத்துகள் கலங்கியும் வந்தன. குவியம் தவறினால் ஒளிக்குக் கூர்மையில்லை. பீ.வீ.சீ. கலந்த றெக்சீன் துணியை மாத்திரம் நாம் தொடவில்லை. அது எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும். அது நுரையீரலையும் அரிக்கும், பொறியையும் அரிக்கும்.

இத்தனையும் கற்ற நாம் ஒன்றை மறந்தோம். அட்டைப்பெட்டித் துண்டொன்றை வெட்டவிட்டு, படலையடிக்கு மீன்காரரோடு விலை பேசப் போனோம். விலை படியுமுன் கொட்டிலிலே சுவாலை எழுந்துவிட்டது. எமது இல்லாள் ஓடிச்சென்று ஆளியை நிறுத்தி, ஈரச்சாக்கை மேலே போட்டு அணைத்தார்.

"இஞ்சாருங்கோ, அடுப்பிலை பால் வைச்சிட்டு நான் ஒரு நாளாவது படலைக்குப் போனதுண்டோ?" என்று மாத்திரம் கேட்டார். எம்மிடம் விடையில்லை.

அன்று மாலை அதனினும் பெரிய அச்சமொன்று நேர்ந்தது. பேரன் கதவிடுக்கால் அந்த நீலப்பொட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். நாம் செம்மஞ்சட் கண்ணாடி அணிந்திருந்தோம், அவனுக்கு ஒன்றுமில்லை. இவ்வகைத் திறந்த பொறிகள் லேசர்களில் நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. நேரே பட்டால் மட்டுமன்றி, தெறித்து வரும் ஒளியும் விழித்திரையைச் சுடவல்லது. நல்வேளையாகத் தலை அப்போது ஓடத் தொடங்கவில்லை. குவியம் பார்க்கும் மெல்லொளியே எரிந்துகொண்டிருந்தது. அன்றே கொட்டிற் கதவுக்கு உட்டாழ்ப்பாள் போட்டோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

குடிபூரலுக்கு நான்கு நாள் இருக்கையில், கதவுப்பலகையைச் சீவித்தர எமது அயலிலுள்ள முதிய ஆசாரியாரை அழைத்தோம். அவர் முன்னே 25 கட்டங்களையும் பெருமையோடு காட்டி, இன்ன வலு, இன்ன வேகம் என்று தீர்மானித்துவிட்டதாகச் சொன்னோம். அவர் சிரித்தார்.

"தம்பி, ஒட்டுப்பலகை சொன்னதைப் பலா கேட்குமோ?"

கதவின் அடிப்பக்கத்திலே கறையான் அரித்த நான்கு விரலகலத்தை அவர் எப்படியும் அறுத்துவிட இருந்தார். அதனை அறுத்து, அரிபடாத இடத்தைச் சீவி எம் கையிலே தந்தார். கறுத்த மேனிக்குக் கீழே அந்தப் பழைய மஞ்சள் பளிச்சென்று தோன்றியது. எமது தீர்மானப்படி அதிற் பொறித்தபோது, நகத்தாற் கீறியதுபோல மங்கலாகவே எழுத்து விழுந்தது. முற்றிய பலாவின் அடர்த்திக்கு அந்தச் சூடு போதவில்லை. வேகத்தைக் குறைத்துக் குறைத்து மேலும் பன்னிரண்டு தரம் அந்தத் துண்டிலேயே பார்த்தோம். கறையான் தின்றதுபோக மீந்த துண்டே எமக்கு ஆசானாயிற்று.

கடைசியாகக் கதவுப்பலகையை வைத்தோம். பதினெட்டு நிமிடம் நாம் அசையவில்லை. படலையில் யாரோ கூப்பிட்டும் போகவில்லை. தலை இங்குமங்கும் ஓட, அன்னையார் 'நே'யின் கொம்பை வளைக்கும் அந்தத் தனி வளைவு முதலில் தோன்றியது. ஓரிடத்தில் மரத்தின் கடுவைரம் குறுக்கிட்டு, 'சா' என்னும் எழுத்து சற்று வெளிறியே வந்தது. நாம் அதனை மீண்டும் ஓட்டித் திருத்த எண்ணினோம். ஆசாரியார் தடுத்தார். கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். அதிலும் மை தீர்ந்து மறுபடி தொட்டெழுதிய இடங்கள் இருந்தன. அப்படியே விட்டோம்.

இப்பொறியை வாங்குவோருக்கு நாம் சொல்லக்கூடியவை மூன்று. கண்ணாடியின்றி அருகே எவரையும் விடாதீர்கள். எரியும்போது அகலாதீர்கள். அருமையான பொருளொன்றிலே பொறிக்கவேண்டுமாயின், அதே பொருளின் கழிவுத்துண்டொன்றைத் தேடி, அதிலே பிழைகளையெல்லாம் முதலில் விட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பலகை இப்போது மகளின் சாப்பாட்டறையிலே தொங்குகின்றது. வேலை வேலையென்று மதியம் கடந்தும் உண்ணாதிருக்கும் அவள், அதன்கீழே அமர்ந்துதான் இப்போது உண்ணுகிறாளாம், அதுவும் நேரத்துக்கு.