ஒருத்தர் தூங்கணும், ஒருத்தர் முழிச்சிருக்கணும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து பொறுமையா படிங்க.

போன வருஷம் என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் நிறைய படிச்சேன். அதில் ஒரு கணவன் மனைவி கதை மனசை விட்டுப் போகவே இல்லை. அதைத்தான் இன்னிக்கு உங்களோடு பகிர்ந்துக்கிறேன்.

மோரிஸ் பெய்லி, மாரலின் பெய்லி. இங்கிலாந்தில் டெர்பி என்கிற ஊர். அவர் அச்சுத் தொழிலில் இருந்தவர், அந்த அம்மா வரி அலுவலகத்தில் வேலை. நம்மைப் போல மாதச் சம்பளக்காரங்க. இருந்த வீட்டை வித்து ஒரு பாய்மரப் படகு வாங்கினாங்க. நியூசிலாந்துக்குக் கடல் வழியாவே போய்க் குடியேறணும்னு திட்டம். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் படகுக்கு ‘ஆரலின்’னு பெயர் வச்சாங்க. நீளம் 31 அடி. நம்ம டெரஸ் வீட்டில் வாசலில் இருந்து அளந்தால் ஹாலைத் தாண்டும் முன்னே படகு முடிஞ்சிடும். மாரலினுக்கு நீச்சல் தெரியாது. உதவி கேட்டுப் பேசுற ரேடியோவும் படகில் இல்லை. 1972 ஜூன் மாதம் புறப்பட்டாங்க.

இந்த மாதிரி பயணத்தைப் பத்தி நினைச்சா புயலும் பெரிய அலையும்தான் முதலில் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் கடல் கடந்தவங்க எழுதினதைப் படிச்சால், முதல் சில நாட்கள்தான் கஷ்டம்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. அதற்குக் காரணம் தூக்கம்.

நடுக்கடலில் ராத்திரி ஆச்சுன்னு படகை நிறுத்த முடியாது. நங்கூரம் தரையைத் தொடாத ஆழம். இருபத்து நாலு மணி நேரமும் படகு போய்க்கிட்டே இருக்கும். படகில் இருக்கிறது இரண்டே பேர். அதனால் மூணு மணி நேரமோ நாலு மணி நேரமோ முறை வச்சுக்குவாங்க. ஒருத்தர் மேலே காவல், ஒருத்தர் கீழே தூக்கம்.

நான் முப்பது வருஷமா ஷிப்ட் பார்க்கிறவன். அதனால் இந்த இடம் எனக்கு நல்லா புரிஞ்சது. எங்க பேக்டரியில் அடுத்த ஷிப்ட் ஆள் வரலைன்னா போன் போட்டு வேற ஆளைக் கூப்பிடுவேன், ஓ.டி. கொடுப்பேன். கடலில் கூப்பிட வேற ஆள் கிடையாது.

சரக்குக் கப்பல் ஒண்ணு மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வருதுன்னு வைங்க. அடிவானத்தில் கண்ணுக்குத் தெரிஞ்ச பதினைஞ்சு இருபது நிமிஷத்தில் அது உங்க தலைமேல் வந்து நிக்கும். அவ்வளவு பெரிய கப்பலில் இருக்கிறவங்களுக்கு இந்தச் சின்னப் படகு தெரியாமலே போகலாம். அதனால் காவலில் இருக்கிறவர் பத்து பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து சுத்திப் பார்த்தே ஆகணும்.

முதல் இரண்டு மூணு நாள் உடம்பு இதுக்கு ஒத்துழைக்காது. குமட்டல், வாந்தி. சாப்பிட்டது தங்காது. தூங்கற முறை வந்தாலும் தூக்கம் வராது. மரம் முனகும், பாத்திரம் உருளும், தண்ணி காதுக்குப் பக்கத்திலேயே அடிக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. கண் முழிச்சு மேலே வந்து பார்க்கும்போது கூட வந்தவர் அங்கே இல்லைன்னா? இருட்டில் தவறி விழுந்திருந்தால்? இதுக்காகவே ஒரு விதி வச்சிருக்காங்க. தனியா மேலே நிக்கிறவர் இடுப்பு வாரைப் படகோடு மாட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். முன்பக்கம் போகணும்னா கீழே தூங்குறவரை எழுப்பிட்டுத்தான் போகணும். முழிச்சிருக்கிறவர் பாதுகாப்பா இருந்தால்தானே கீழே இருக்கிறவர் நம்பிக் கண்ணை மூட முடியும்.

மூணு நாலு நாளில் உடம்பு பழகிடும்னு சொல்றாங்க. பெய்லி தம்பதி அப்படிப் பழகி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, பனாமா கால்வாய் வழியா பசிபிக் பக்கம் வந்தாங்க. 1973 பிப்ரவரி கடைசியில் அங்கிருந்து கலாபகோஸ் தீவுகளை நோக்கிப் புறப்பட்டாங்க. அது மட்டும் சுமார் 1,600 கிலோமீட்டர்.

ஒரு வாரம்கூட ஆகலை. மார்ச் 4, காலை நேரம். ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் படகில் மோதிடுச்சு. தண்ணி மட்டத்துக்குக் கீழே சுமார் ஒன்றரை அடி ஓட்டை. வெளிப்பக்கம் பாயைச் சுத்தி அடைக்கப் பார்த்தாங்க. உள்ளே போர்வை, மெத்தை எல்லாம் வச்சு அழுத்தினாங்க. எதுவும் நிக்கலை. ஒரு மணி நேரத்துக்குள் படகு முழுகிப் போச்சு. வீட்டை வித்து வாங்கின படகு.

மிஞ்சினது காற்றடைச்ச ஒரு சின்ன மிதவை, அதோடு கட்டின ஒரு ரப்பர் தோணி, கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் டின் உணவு, சில சாமான்கள்.

அந்த ஆரம்ப நாட்களில் அவங்க செஞ்சதை நான் மறுபடி மறுபடி படிச்சேன். டின்களை எண்ணிப் பார்த்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அளவு வச்சாங்க. தீவுப் பக்கம் போயிடலாம்னு துடுப்புப் போட்டுப் பார்த்தாங்க. நீரோட்டம் அவங்க பலத்தைவிடப் பெரிசுன்னு தெரிஞ்சதும், வீணா உடம்பைக் கரைக்காம நிறுத்திட்டாங்க. முதல் கப்பல் கண்ணில் பட்டப்போ உதவிக்கு வாணம் கொளுத்தினாங்க. அது பார்க்காம போயிடுச்சு. அப்படி ஏழு கப்பல் கடந்து போச்சு.

மோரிஸ் மனசு உடைஞ்சு போனார். படகு ஓட்டுற விவரம் எல்லாம் தெரிஞ்சவர் அவர்தான். ஆனா இரண்டு பேரையும் தாங்கிப் பிடிச்சது நீச்சல் தெரியாத மாரலின். ஊக்கை வளைச்சுத் தூண்டில் முள் செஞ்சாங்க. காகிதத்தில் சீட்டுக்கட்டு வரைஞ்சு விளையாட வச்சாங்க. அடுத்த படகு எப்படி இருக்கணும், அதில் என்ன சமைக்கணும்னு பேசிப் பேசித் திட்டம் போட்டாங்க. மிதவையில் உட்கார்ந்துக்கிட்டு அடுத்த படகுக்குத் திட்டம்! மழைத் தண்ணி, மீன், ஆமை, கடல் பறவை, இதுதான் சாப்பாடு. 117 நாள். ஜூன் 30-ஆம் தேதி ‘வோல்மி 306’ என்கிற கொரிய மீன்பிடிக் கப்பல் அவங்களைக் காப்பாத்துச்சு. அப்போ அவங்களால் நிக்கக்கூட முடியலை. அதுக்குப் பிறகும் ‘ஆரலின் 2’ன்னு இன்னொரு படகில் தென் அமெரிக்காவின் பட்டகோனியா வரைக்கும் போயிட்டு வந்தாங்க.

இப்போ எங்க வீட்டுக்கு வர்றேன்.

என் மனைவிக்கு இனிப்புநீர் இருபது வருஷமா உண்டு. போன வருஷம் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யலைன்னு சொல்லிட்டாங்க. வயிற்றில் குழாய் வச்சு, வீட்டிலேயே தண்ணி மாத்துற முறையைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் பழைய தண்ணியை வெளியே எடுத்து, இரண்டு லிட்டர் புதுசா உள்ளே விடணும். ஜன்னலை மூடி, காத்தாடியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, சொல்லிக்கொடுத்த மாதிரி கை கழுவணும். கிருமி உள்ளே போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. வெளியே வந்த தண்ணியை நிறுத்துப் புத்தகத்தில் எழுதணும். தெளிவா இருக்கான்னு பார்க்கணும். கலங்கலா இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி ஹால் முழுக்கப் பெட்டி. நர்ஸ் இல்லை, மணி அடிச்சா வர ஆள் இல்லை. நாங்க இரண்டு பேர்தான். முதல் மூணு ராத்திரி இரண்டு பேரும் தூங்கலை. நாலாவது ராத்திரி அவங்க சொன்னாங்க: “என்னங்க, நீங்க முழிச்சிருந்தா எனக்கு என்னவோ ஆகப் போகுதுன்னு பயமா இருக்கு. நீங்க தூங்கினாத்தான் எல்லாம் சரியா இருக்குன்னு எனக்குத் தெரியும். போய்ப் படுங்க. ரெண்டு மணிக்கு நான் எழுப்புறேன்.”

நோயாளி அவங்க. காவல் முறை போட்டுக் கொடுத்ததும் அவங்கதான்.

அஞ்சாம் நாள் ராத்திரி தண்ணி வெளியே வரலை. குழாய் மடங்கியிருக்கான்னு பார்த்தேன், இல்லை. எனக்குக் கை நடுங்குச்சு. அவங்க நிதானமா ஒருக்களிச்சுப் படுத்தாங்க, அப்புறம் எழுந்து கொஞ்சம் நடந்தாங்க. தண்ணி வர ஆரம்பிச்சது. பையை விளக்குக்கு நேரா தூக்கிப் பார்த்து, “தெளிவா இருக்கு, எழுதிக்குங்க”ன்னாங்க. கையுறை பேக்டரியில் பதினெட்டு வருஷம் சரக்கைச் சரிபார்த்த கண் அது. பத்தாம் நாள் என்ன சொன்னாங்க தெரியுமா? “நாலு பையைக் கார்ல ஏத்தினா ஈப்போ தங்கச்சி வீட்டுக்கு ஒரு நாள் போயிட்டு வந்திடலாம்.” எனக்கு உடனே மாரலின் போட்ட அடுத்த படகுத் திட்டம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு மாசம் கழிச்சு ஈப்போ போயிட்டு வந்தோம்.

இதை எல்லாம் ஏன் எழுதுறேன்னா, நம்ம மக்களுக்குப் பாசம் அதிகம். யாராவது ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வந்தா முதல் வாரமே பழம் வாங்கிக்கிட்டுக் குடும்பத்தோடு போய் உட்காருவோம். நல்ல மனசுதான். ஆனா அந்த முதல் பத்து நாளில் அந்த வீட்டுக்கு அதிகமாத் தேவைப்படுறது மூணு மணி நேரத் தூக்கம். எங்க தொண்டர் குழுவில் ஒரு அக்கா ஒரு நாள் மத்தியானம் வந்தாங்க. “ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் நான் ஹால்ல இருக்கேன். ரெண்டு பேரும் போய்ப் படுங்க. அடுத்த தண்ணி எத்தனை மணிக்கு?” அவ்வளவுதான் பேசினாங்க. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு நாங்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கினது அன்னிக்குத்தான்.

உங்க தாமானில், உங்க சொந்தத்தில் யாராவது இப்போ அந்த முதல் பத்து நாளில் இருக்கலாம். பார்க்கப் போகும்போது “எப்படி இருக்கீங்க”ன்னு கேட்கிறதோடு, “எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் நான் இருக்கட்டும்”னும் கேளுங்க.